கிரீன் டீ உப்பும் அம்மாவின் பிரஷரும்

எங்கள் வீட்டு மேல் அலமாரியில் போன தீபாவளிக்குள் 11 பாக்கெட் கிரீன் டீ சேர்ந்துவிட்டது. ஒன்றுகூடக் காசு கொடுத்து வாங்கியதில்லை. குன்னூரில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கெழுதுகிறேன். சாம்பிளாக வந்தது, பாக்கிங் சரியில்லை என்று கழித்தது, யாரோ பரிசாகக் கொடுத்தது என்று எல்லாம் கடைசியில் என் பையில்தான் ஏறும். சாதாரண டீத்தூள் என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் டப்பாவோடு வந்து வாங்கிப் போவார்கள். கிரீன் டீயை நீட்டினால், "எங்களுக்கு எதுக்குங்க, வீட்ல யாருக்கும் சுகர் இல்லையே" என்பார்கள். தேயிலைக் காட்டுக்கு நடுவில் குடியிருக்கிற ஜனங்களே அதை மருந்துக் கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்த 11 பாக்கெட்டுக்கும் வழி பிறந்தது அம்மாவால்.

அம்மா தூத்துக்குடிக்காரி. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே முள்ளக்காடு பக்கம் அளத்தில் உப்பு சுமந்தவள். தை மாசம் பாத்தியை மிதித்துச் சரி செய்வதில் ஆரம்பித்து, ஐப்பசி மழை விழும் வரை அங்கே வேலை இருக்கும். அப்பா போன பிறகு என்னோடு மலைக்கு வந்துவிட்டாள். வந்த ஆறாவது மாதம் தலைசுற்றல். டாக்டர் கையில் பட்டையைக் கட்டிப் பம்ப் அடித்துப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். "உப்பைக் குறைங்கம்மா" என்றார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆயுசு பூராவும் உப்பு வாரிப் பிழைத்தவளிடம் போய்ச் சொல்கிற பேச்சா அது!

என் மனைவி டாக்டர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாள். குழம்பில் பாதி உப்பு. ரசத்தில் கால் உப்பு. அம்மா ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவாள், எழுந்திருக்கும்போது மட்டும், "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவாள். மாமியாரும் மருமகளும் நேருக்கு நேர் சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு சங்கடம் இருந்திருக்காது.

பிரஷருக்கு நல்லது என்று எவரோ சொல்ல, ஒரு நாள் அம்மாவுக்குக் கிரீன் டீ போட்டுக் கொடுத்தேன். நன்றாகக் கொதிக்கிற தண்ணீரை அப்படியே இலை மேல் ஊற்றினேன். எல்லாரும் செய்கிற தப்புதான் அது. குன்னூர் ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது, இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆனால் கிரீன் டீக்கு அதுவே ஜாஸ்தி. 80 டிகிரி போதும். சூடு கூடினால் இலையிலிருக்கிற கசப்பும் துவர்ப்பும் மொத்தமாக இறங்கிவிடும். தேயிலை ஃபேக்டரியில் 19 வருஷம் உட்கார்ந்திருக்கிற எனக்கு இது தெரியாமல் இல்லை. சோம்பல்.

அம்மா ஒரு வாய் குடித்தாள். முகம் சுருங்கியது. எழுந்து அடுக்களைக்குப் போனாள். திரும்பி வந்தபோது டம்ளரைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே வந்தாள்.

"என்னம்மா, சர்க்கரை போட்டியா?"

"ரெண்டு கல்லு உப்பு போட்டேன். நீ குடிச்சிப் பாரு."

குடித்தேன். கசப்பு மட்டுப்பட்டிருந்தது. இனிப்பாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் நாக்கைப் பிடித்து இழுத்த அந்த முரட்டுத்தனம் இல்லை, பச்சைப் புல் மாதிரி ஒரு வாசனை முன்னால் வந்து நின்றது. "பாவக்காய்க்கு உப்பு பிசிறி வைக்கோம்லா, அதே கததான்" என்றாள் அம்மா. பாகற்காயில் தண்ணீரோடு கசப்பும் கொஞ்சம் வெளியேறுகிறது. இங்கே வேறு சங்கதியும் உண்டு. உப்பிலிருக்கிற சோடியம் நாக்கில் கசப்பு தட்டுவதையே அமுக்கும். டிகாக்ஷன் கசந்துபோனால் சிட்டிகை உப்பு போடுகிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். காஷ்மீரில் நூன் சாய் என்று ஒன்று குடிக்கிறார்கள். நூன் என்றாலே உப்பு. பச்சைத் தேயிலையைச் சோடா உப்போடு நெடுநேரம் கொதிக்க வைத்து, பாலும் உப்பும் சேர்த்தால் ரோஸ் நிறத்தில் வரும். திபெத்தில் டீயில் வெண்ணெயும் உப்பும். நாம்தான் டீ என்றால் சர்க்கரை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கோயமுத்தூர் ஹாஸ்டலில் இருக்கும் மகளிடம் போனில் இதைச் சொன்னேன். "ஜப்பான்ல டெம்புரான்னு பஜ்ஜி மாதிரி ஒண்ணு இருக்கு, அதுக்கு மட்சாங்கிற கிரீன் டீ பொடி கலந்த உப்பும் தொட்டுக்குவாங்கப்பா, ஆச்சி அங்கயே பிறந்திருக்கலாம்" என்று சிரித்தாள். சரி, உப்பை டீயில் போடலாம் என்றால் டீயை உப்பில் போட என்ன தடை? ஒரே ஒரு சிட்டிகை, ஆனால் வாசனையும் காரமும் உள்ள சிட்டிகை, உப்புக் குறைந்த சாப்பாட்டின் மேல் தூவினால் அம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்குமே என்று நினைத்தேன்.

முதல் தடவை கேவலமாகப் போனது. தூள் உப்பு, கிரீன் டீ, மிளகு, ரெண்டு கிராம்பு, அப்போதுதான் துருவிய எலுமிச்சைத் தோல், கூடவே ஆர்வக் கோளாறில் அரை மூடி எலுமிச்சைச் சாறு. எல்லாவற்றையும் சட்னி ஜாரில் போட்டு ஓட்டினேன். ஓட்டி முடித்தபோது நல்ல பச்சை. மறுநாள் காலையில் காய்ந்த சாணி நிறம். மூன்றாம் நாள் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழவில்லை, கரண்டிக் காம்பால் குத்தி உடைக்க வேண்டியிருந்தது. இலையின் பச்சை நிறத்துக்குப் புளிப்பு ஆகாது. சமைக்கும்போது கீரையில் புளி விட்டால் பழுப்பதும் இதனால்தான். அதைவிட மோசம் கிராம்பு. பாட்டிலைத் திறந்தால் பல் டாக்டர் கிளினிக் வாசனை. தேயிலை எந்த வாசனையையும் இழுத்து வைத்துக்கொள்ளும், பக்கத்தில் எதை வைக்கிறோமோ அதுவாகவே ஆகிவிடும்.

இதை ஃபேக்டரியிலேயே பாடமாகக் கற்றிருக்க வேண்டியவன் நான். இரண்டாம் தடவைக்கு எலுமிச்சைத் தோலைக் காயவைக்க வெயில் கிடைக்கவில்லை. நவம்பர் மாசக் குன்னூரில் வெயிலை எங்கே போய்த் தேடுவது? ஒரு தட்டில் தோலைப் பரப்பி, ஃபேக்டரியில் தேயிலை காய்கிற டிரையர் பக்கத்தில் வெதுவெதுப்பான மூலையில் வைத்துவிட்டு என் மேஜைக்குப் போய்விட்டேன். பத்தே நிமிஷம். தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கிற டீ மேக்கர், அந்தத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "கணக்கப்பிள்ளை சார், இன்னைக்குப் போடுற சரக்கு முழுக்க லெமன் டீன்னு பில் போட்டுடுவீங்களா?" எனக்குப் பதில் வரவில்லை. அவருக்குக் கோபம் ஆற அடுத்த வாரம் ஆனது.

அந்த இரண்டாம் தடவையில் இன்னொரு பிழை. ஈரம் போகட்டும் என்று கிரீன் டீயையும் சட்டியில் போட்டு வறுத்தேன். பச்சை போய், வைக்கோல் கருகின மாதிரி ஒரு வாசனை எழுந்தது. ஜப்பானில் வேண்டுமென்றே இப்படி வறுத்து ஹோஜிச்சா என்று குடிக்கிறார்கள், அதுவும் ருசிதான். ஆனால் உப்பில் கலந்தபோது சாம்பல் தின்ற மாதிரி இருந்தது. அம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "இது என்ன எய்யா, பல்லு வெளக்கவா?" என்றாள்.

மூன்றாவது தடவை உருப்பட்டது. அதற்குக் காரணம் நான் தேயிலையை விட்டுவிட்டு உப்பைக் கவனிக்க ஆரம்பித்ததுதான்.

மலையில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், இங்கே உப்பு எப்போதும் அழுதுகொண்டே இருக்கும். சுத்தமான உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேலே போனால்தான் நீர்க்க ஆரம்பிக்கும். ஆனால் கல் உப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிற மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். மஞ்சு இறங்குகிற ஊரில் கேட்கவே வேண்டாம். அளத்தில் உப்பு படிந்த பிறகு பாத்தியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரில்தான் இந்த மக்னீசியம் எல்லாம் இருக்கும். அதைச் சரியாக வடிக்காமல் வாரினால் உப்பு கசக்கும், சீக்கிரம் நீர்த்தும் போகும். அம்மா கடையில் வாங்கின கல் உப்பை ஒரு கல் வாயில் போட்டுவிட்டு, "நல்லா வடிச்ச உப்பு" அல்லது "அவசரத்துல வாருன உப்பு" என்று சொல்வாள். ஒரு தடவைகூட நான் அவளை மறுத்துப் பேசியதில்லை. என்னிடம் அதைச் சோதிக்க ஒரு வழியும் கிடையாது.

ஆகவே முதலில் உப்பை வறுக்க வேண்டும். 100 கிராம் கல் உப்பு, இரும்புச் சட்டி, மிதமான தீ. போட்டதும் ஒன்றும் நடக்காது. ஒரு நிமிஷம் கழித்து ஆவி லேசாக எழும், கல்லெல்லாம் ஈரம் கோத்து மங்கும். பிறகு ஒரு சின்ன 'டிக்'. அப்புறம் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் கடுகு தாளிக்கிற மாதிரி படபடவென்று வெடிக்கும். ஒவ்வொரு உப்புக் கல்லுக்குள்ளும் பாத்தித் தண்ணீர் ஒரு துளி சிறைப்பட்டிருக்கும், சூட்டில் அது ஆவியாகி உடைத்துக்கொண்டு வெளியே வருகிற சத்தம். தூத்துக்குடிக் கடல் தண்ணீர் குன்னூர் அடுப்பில் வெடிக்கிறது என்று நினைத்துக்கொண்டே கிளறினேன். ஒரு கல் தெறித்துக் கண்ணாடியில் பட்டது. கண்ணாடி போடாதவர்கள் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்வது நல்லது. சத்தம் அடங்கினால் உப்பு காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஏழெட்டு நிமிஷம் ஆகும். தொட்டால் மணல் மாதிரி சரசரக்கும், நிறமும் கண்ணாடித்தன்மை போய்ப் பால் வெள்ளையாகிவிடும்.

அடுப்பை அணைத்து, சட்டி கைபொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் இரண்டு எலுமிச்சையின் மஞ்சள் தோலை மட்டும் துருவி அதில் போட்டுப் பிசிற வேண்டும். வெள்ளைப் பகுதி துளிகூட வரக் கூடாது, கசக்கும். சாறு வேண்டவே வேண்டாம், அந்தப் பாடம் ஒரு தடவை போதும். வெயிலும் வேண்டாம், டிரையரும் வேண்டாம், சூடான உப்பே தோலின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது, எண்ணெய் வாசனை உப்பில் ஏறிவிடுகிறது. ராத்திரி அப்படியே பரப்பி வைத்து, காலையில் சிறு தீயில் இரண்டு நிமிஷம் புரட்டினேன். இந்த யோசனை அம்மாவுடையது. கருவாடு போடுகிற ஊர்க்காரி.

மிளகு இரண்டு டீஸ்பூன், தனியா இரண்டு, சீரகம் ஒன்று. வாசனை எழும் வரை மட்டும் தனித்தனியாக வறுத்தேன். சீரகம் மற்ற இரண்டையும்விடச் சீக்கிரம் கருகிவிடும். சேர்த்து வறுத்தால் அதுதான் முதலில் கெடும். சுண்டுவிரல் நுனி அளவு சுக்கு. மிளகாய் போடவில்லை. போட்டால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அப்புறம் அது மிளகாய்த்தூள் ஆகிவிடும், தேயிலை இருந்த இடம் தெரியாது. ஓமம், பட்டை, கிராம்பு பக்கம் போகவே போகாதீர்கள்.

கிரீன் டீ 8 கிராம். நான்கு டீஸ்பூன் குவித்து வரும். அதை வறுக்காமல், உப்பு வறுத்து இறக்கிய சட்டியின் மிச்சச் சூட்டில் அரை நிமிஷம் காட்டினேன், விரலால் நொறுக்கினால் சத்தம் வருகிற அளவு. பிறகு மிக்ஸியில் விட்டு விட்டு அரைத்துச் சலித்தேன். காம்பும் நாரும் சல்லடையில் தங்கும், அதைத் தூக்கிப் போட்டுவிடலாம். தூள் ஜார் மூடியில் பூசின மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும், தட்டினால் இறங்காது, காய்ந்த தூரிகையால் வழிக்க வேண்டும். இதை மட்சா என்று யாரும் ஏமாந்துவிட வேண்டாம். ஜப்பானில் பறிப்பதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே செடிக்கு நிழல் கட்டி, நரம்பும் காம்பும் நீக்கின இலையைக் கல் எந்திரத்தில் அரைப்பார்கள். நிழலில் வளர்ந்த இலைக்குத் துவர்ப்பு குறைவு, பச்சை அதிகம். நம் இலை வெயில் தின்று வளர்ந்தது, முரட்டு இலை. உப்போடு கூட்டு வைக்க அந்த முரட்டுத்தனம்தான் பிடித்திருக்கிறது.

மசாலாவை அம்மா சின்ன உரலில் ஒன்றிரண்டாக இடித்துக் கொடுத்தாள். எலுமிச்சைத் தோலோடு இருந்த உப்பை ஒரே ஒரு சுற்று மிக்ஸியில் ஓட்டினேன். எல்லாவற்றையும் கையால் கலந்து பீங்கான் ஜாடியில் போட்டு மூடினோம். தகர மூடி போட்ட பாட்டில் வேண்டாம், துரு பிடிக்கும். மிக்ஸி ஜாரையும் அப்போதே கழுவிவிட வேண்டும். நான் மறுநாள் கழுவலாம் என்று வைத்தேன், பிளேடு அடியில் பழுப்புக் கறை. அதற்கு வீட்டில் வாங்கியதை இங்கே எழுதப் போவதில்லை.

எதோடு சேர்கிறது? கொழுப்பும் இனிப்பும் உள்ள எதோடும் சேரும். தேயிலையின் துவர்ப்பு எச்சிலில் இருக்கிற புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் நாக்கு காய்ந்த மாதிரி ஆகிறது, எண்ணெய்ப் பிசுக்கு வாயில் இருக்கும்போது அந்த வறட்சி சுகம். அவித்த முட்டையின் மஞ்சள் கருவுக்கு இதைவிட நல்ல ஜோடி நான் பார்க்கவில்லை. பட்டர் ஃப்ரூட்டைப் பாதியாக வெட்டி, கொட்டையை எடுத்த குழியில் ஒரு சிட்டிகை. நெத்திலி வறுவல் அடுப்பிலிருந்து இறங்கின சூட்டோடு. அன்னாசி. அவித்த மக்காச்சோளம். இந்த ஊர் வர்க்கி மேல் தூவித் தின்றேன், ரொம்ப நன்றாக இருந்தது, ஆனால் என் மனைவி அது பாவம் என்கிறாள். கொய்யாக்காய்க்கு ஒத்துவராது. நாட்டுப் பேரிக்காய்க்கு அதைவிட மோசம். ஏற்கெனவே துவர்க்கிற பண்டத்துக்கு இன்னொரு துவர்ப்பு எதற்கு? மோரில் போட்டுப் பார்த்தேன், குளத்துத் தண்ணீர் மாதிரி இருந்தது.

கணக்குப்பிள்ளை அல்லவா, கணக்கும் போட்டேன். ஆபீஸில் தேயிலை நிறுக்கிற சின்னத் தராசில் நிறுத்துப் பார்த்தால், 100 கிராம் உப்போடு மற்றதெல்லாம் சேர்ந்து 120 கிராம் வந்தது. ஆக ஒரு கிராம் தூவினால் அதில் உப்பு 0.83 கிராம். ரூபாய்க்கு 17 பைசாதான் மிச்சம். பெரிய லாபம் இல்லை. லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: குழம்புக்குள் கரைந்த உப்பைவிட மேலே தூவின உப்பு நாக்கில் நேரடியாகப் படுகிறது, குறைச்சலாகப் போட்டாலும் உறைக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். என் சிட்டிகை 0.3 கிராம். அம்மாவின் சிட்டிகை 0.6. அளத்துக் கை அது. இன்னொன்று, அயோடின் கலந்த உப்பை இப்படிச் சட்டியில் வறுத்தால் அயோடின் கொஞ்சம் போய்விடும், அதனால் சமையல் உப்பு வழக்கம்போல் இருக்கட்டும்.

ஜாடியின் உள்பக்கம் தெரியாது என்பதால், அம்மாவின் பங்கைத் தனியாக ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வெளியே மார்க்கர் பேனாவால் நான்கு கோடு போட்டு வைத்தேன். வாரத்துக்கு ஒரு கோடு. அதற்கு மேல் இறங்கக் கூடாது என்று ஒப்பந்தம். அம்மா தலையாட்டினாள். முதல் வாரம் சரியாக முதல் கோட்டில் நின்றது. சாப்பாட்டில் புகார் இல்லை. சுவரைப் பார்த்துப் பேசுவதும் நின்றுவிட்டது. மனைவிகூட, "பரவாயில்லையே உங்க உப்பு" என்றாள்.

இரண்டாம் வாரம் பார்த்தேன். முதல் கோட்டிலேயே நின்றது. மூன்றாம் வாரமும் அங்கேதான். அம்மா உப்பையே மறந்துவிட்டாளா என்று எனக்குப் பயமாகிவிட்டது. பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பச்சை வெளிறியிருந்தது. குலுக்கினேன். தூளுக்கு நடுவே, நான் அரைத்துப் போட்டதில் இல்லாத பெரிய பெரிய வெள்ளைக் கற்கள்.

"அம்மா, இதுல கல் உப்பு போட்டியா?"

அம்மா கட்டிலில் சாய்ந்து முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"எல்லாம் நல்லாத்தாம்ல இருந்துச்சி. உன் உப்புல உப்புதான் கொஞ்சம் கம்மி."